மேட்ச் ரேஸிங்: இரண்டே படகு, நான்கு நிமிடச் சண்டை. திரெங்கானுவின் மான்சூன் கிண்ணம் உலகை ஈர்த்தது எப்படி?

டிசம்பர் மாதம். தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரை. விடாமல் மழை. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் பெரும்பாலான தங்கும் விடுதிகளுக்குப் பூட்டு. மீனவர்களின் படகுகள் கரையில். கடலோ கொந்தளித்துக்கொண்டிருக்கிறது.

இந்த நேரத்துல போய் யாராவது படகுப் போட்டி நடத்துவாங்களா?

நடத்தினார்கள். 2005ஆம் ஆண்டு தொடங்கிய மான்சூன் கிண்ணப் போட்டிக்காக உலகின் தலைசிறந்த பாய்மரப் படகு அணிகள் கோல திரெங்கானுவைத் தேடி வந்தன. பல ஆண்டுகள் உலக வெற்றியாளர் யார் என்பதே அங்குதான் முடிவானது.

அந்தப் போட்டியின் பெயர் பலருக்குத் தெரியும். ஆனால் தண்ணீரில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு. இரண்டு படகுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன, திடீரென்று ஒரு கொடி, பிறகு ஒரு விசில். யார் ஜெயிக்கிறாங்க, ஏன் ஜெயிக்கிறாங்க? வாங்க, பார்ப்போம்.

மேட்ச் ரேஸிங் அப்படினா என்ன?

பாய்மரப் படகுப் போட்டிகளில் இரண்டு பெரிய வகை உண்டு.

ஒன்று, எல்லாப் படகுகளும் ஒன்றாகக் கிளம்பும் போட்டி. 1990 முதல் போர்ட் கிள்ளானிலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை நடந்துவரும் ராஜா மூடா சிலாங்கூர் போட்டி அந்த வகை. மாரத்தான் ஓட்டம் மாதிரி. யார் முதலில் வருகிறார், மொத்தத்தில் யாருக்கு எத்தனை புள்ளி என்பதுதான் கணக்கு.

இன்னொன்று மேட்ச் ரேஸிங். இதில் இரண்டே படகுகள், ஒருவருக்கு எதிராக ஒருவர். பூப்பந்து ஒற்றையர் ஆட்டம் மாதிரி. லீ சோங் வெய்க்கு அன்றைக்கு லின் டானை வென்றால் போதும், கடிகாரத்தை வெல்ல வேண்டியதில்லை. இங்கேயும் அதுதான். எவ்வளவு நேரத்தில் முடித்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எதிராளிக்கு ஒரு அடி முன்னால் கோட்டைத் தாண்டினால் புள்ளி உங்களுக்கு.

முதலில் ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளைச் சந்திக்கும். அதில் தேறியவர்கள் காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று போவார்கள்.

காசு இருந்தால் ஜெயிக்கலாமா?

முடியாது. அதுதான் இந்தப் போட்டியின் அழகு.

படகுகளை ஏற்பாட்டாளர்களே தருவார்கள். எல்லாம் ஒரே அச்சு. மான்சூன் கிண்ணத்தில் பல ஆண்டுகள் பயன்பட்டவை ஃபவுண்டேஷன் 36 ரகப் படகுகள். நீளம் சுமார் 11 மீட்டர். எந்த அணிக்கு எந்தப் படகு என்பது குலுக்கலில் முடிவாகும். பாய்களும் பொதுவானவை. உங்களுடையது என்று நீங்கள் கொண்டுவருவது ஆட்களையும் அனுபவத்தையும் மட்டும்தான்.

ஆகவே, "அவன் படகு வேகமானது" என்று சாக்குச் சொல்ல வழியில்லை. இன்னொரு விஷயம், படகை இடித்துச் சேதப்படுத்தினால் கட்டிய முன்பணம் போகும், சில சமயம் புள்ளியும் போகும். உரசிக்கொண்டு போகலாம், உடைத்துவிடக் கூடாது!

காற்றை எதிர்த்து எப்படிப் போவது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் போட்டி புரிந்த மாதிரி.

பாய்மரப் படகு நேராகக் காற்றின் முகத்தில் போக முடியாது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், படகு நின்றுவிடும். ஆனால் காற்றுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வாகப் போகலாம். அப்போது பாய், விமானத்தின் இறக்கை மாதிரி வேலை செய்கிறது. வளைந்த பாயின் இரு பக்கமும் காற்றழுத்தம் மாறுபடுவதால் படகை இழுக்கும் விசை பிறக்கிறது. அந்த விசை படகைப் பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தடுப்பது படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் கனமான கீல். மிச்ச விசை படகை முன்னால் கொண்டுபோகிறது.

ஆக, காற்று வரும் திசையில் இருக்கும் மிதவையை அடைய வேண்டுமானால் வலமும் இடமுமாக வளைந்து வளைந்து போகவேண்டும். கேமரன் மலைச் சாலை மாதிரி. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும். எப்போது திரும்புவது என்பதில்தான் புத்தி.

மேலே உள்ள மிதவையைச் சுற்றியதும் காற்று முதுகில். அப்போது பலூன் போல உப்பும் ஸ்பின்னேக்கர் பாயை ஏற்றிக் கீழே பறந்து வருவார்கள். வழக்கமாக இப்படி இரண்டு சுற்று. அவ்வளவுதான் பாதை.

முக்கியமான நான்கு நிமிடம்

பந்தயம் தொடங்கும் முன்பே சண்டை தொடங்கிவிடும்.

தொடக்கக் கோட்டின் ஒரு முனையிலிருந்து நீலக் கொடி கட்டிய படகு, மறுமுனையிலிருந்து மஞ்சள் கொடி கட்டிய படகு. தொடக்க நேரத்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது சமிக்ஞை கிடைக்கும். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டும் கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் வந்துவிட வேண்டும்.

அப்போது இரண்டும் நேருக்கு நேர் பாய்ந்து வரும். யார் வழிவிட வேண்டும்? கடல் விதி சொல்கிறது: காற்றை வலப் பக்கத்தில் வாங்கும் படகுக்கே உரிமை, இடப் பக்கத்தில் வாங்கும் படகு விலக வேண்டும். வலப்புற முனையிலிருந்து வரும் மஞ்சள் படகுக்கு அந்த உரிமை இயல்பாகவே கிடைக்கிறது. நீலப் படகு தப்பிக்க வழி தேட வேண்டும்.

சில நேரம் இரண்டு படகும் காற்றைப் பார்த்து மூக்கை நிமிர்த்தி, பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நின்றுவிடும். பாய்கள் படபடக்கும், யாரும் நகரமாட்டார்கள். பார்ப்பவர்களுக்கு "என்ன, பழுதாயிடுச்சா?" என்று தோன்றும். உண்மையில் அதுதான் உச்சக்கட்ட உரசல். முதலில் அசைபவர் தம் இடத்தை எதிராளிக்குக் கொடுத்துவிடக்கூடும்.

நோக்கம் இதுதான்: எதிராளியைக் கோட்டுக்கு வெளியே துரத்துவது, இல்லாவிட்டால் அவரைத் தவறு செய்ய வைப்பது. நேரத்துக்கு முன்பே கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். அங்கேயே போட்டி கைநழுவிப் போகலாம்.

அந்தக் கொடிகளுக்கு என்ன பொருள்?

காற்பந்தில் நடுவர் கூடவே ஓடுவது போல, இங்கே நடுவர்கள் மோட்டார் படகில் பின்னாலேயே வருவார்கள்.

எதிராளி விதியை மீறிவிட்டார் என்று ஓர் அணி நினைத்தால் கொடி காட்டி முறையிடும். சில நொடிகளில் தீர்ப்பு.

• பச்சை-வெள்ளைக் கொடி: தவறில்லை, தொடருங்கள்.
• நீலம் அல்லது மஞ்சள் கொடி: அந்த நிறப் படகுக்குத் தண்டனை.
• அதோடு சிவப்பும் சேர்ந்தால்: தண்டனையை உடனே நிறைவேற்ற வேண்டும்.
• கறுப்புக் கொடி: ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

தண்டனை என்றால் படகை ஏறத்தாழ 270 டிகிரி சுழற்ற வேண்டும். அதற்குள் எதிராளி எங்கேயோ போயிருப்பார்.

இதில் ஒரு சுவையான நுணுக்கம் உண்டு. சிவப்புக் கொடி இல்லையென்றால், தண்டனையைப் போட்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நிறைவேற்றலாம். இடையில் எதிராளியும் தவறு செய்து தண்டனை வாங்கினால் இரண்டும் கழிந்துவிடும். அதனால் தண்டனை சுமக்கும் அணி, சுற்று முழுவதும் எதிராளியை வம்புக்கு இழுத்துக்கொண்டே போகும். முன்னால் இருப்பவருக்கோ நிம்மதி இல்லை. கடைசிக் கோடு வரை எதுவும் முடிவாவதில்லை.

முன்னால் இருப்பவருக்கு ஓர் ஆயுதமும் உண்டு. அவருடைய பாயைத் தாண்டி வரும் காற்று கலங்கிய காற்று. பின்னால் வருபவர் அதில் மாட்டிக்கொண்டால் வேகம் போய்விடும். அவர் திரும்பினால் இவரும் திரும்புவார். சாலையில் இதைச் செய்தால் திட்டு வாங்குவோம். இங்கே அது கலை.

ஏன் திரெங்கானு? ஏன் மழைக்காலம்?

வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையை நவம்பர் முதல் மார்ச் வரை பிடித்துக்கொள்ளும். உள்ளூரில் அதைத் தெங்குஜு பருவம் என்பார்கள். தமிழில் வாடைக்காற்று என்கிறோமே, அதன் சொந்தக்காரன்தான் இது. தமிழகத்துக்கு மழை கொண்டுவருவதும் இதே வடகிழக்குப் பருவம்தான்.

அந்த மாதங்களில் சுற்றுப்பயணிகள் வரமாட்டார்கள். படகோட்டிகள், விடுதி ஊழியர்கள், சின்னக் கடைக்காரர்கள் எல்லாருக்கும் வருமானம் குறையும். சாபமாகத் தெரியும் காற்றையே சரக்காக விற்றால் என்ன? அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவியின் ஆதரவோடு உருவான யோசனை அது.

இடமும் பொருத்தமாக அமைந்தது. கோல திரெங்கானுவில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது டூயோங் தீவு. போட்டி கரைக்கு மிக அருகில் நடந்ததால் மக்கள் கரையில் நின்றே பார்க்க முடிந்தது. படகோட்டிகளுக்கோ தலைவலி: மேலே வீசும் காற்று ஒரு பக்கம், கீழே ஆற்று நீரோட்டம் இன்னொரு பக்கம்.

2005இல் முதல் கிண்ணத்தை வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் கில்மோர். 2009இல் நியூசிலாந்தின் ஏடம் மினோப்ரியோ உலக வெற்றியாளரானபோது அவருக்கு வயது 24தான். அடுத்த ஆண்டு உலகப் பட்டம் பிரிட்டனின் பென் எய்ன்ஸ்லிக்கு. ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கியவர் அவர். வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டுப் பாய்மரத்தைப் பிடித்த இன்னொரு பிரிட்டிஷ்காரர் இயன் வில்லியம்ஸ், 2007க்கும் 2015க்கும் இடையே பலமுறை அந்தப் பட்டத்தை வென்றார்.

ஊருக்கு என்ன கிடைத்தது?

நேர்மையாகப் பார்த்தால், இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

திரெங்கானு என்ற பெயர் உலக விளையாட்டுச் செய்திகளில் வந்தது. தீவில் படகுத் துறையும் விடுதியும் எழுந்தன. மலேசிய இளைஞர்கள் உலகின் முன்னணி வீரர்களோடு நேருக்கு நேர் மோதும் வாய்ப்பைப் பெற்றார்கள். ஜெரமி கூ, ஹஸ்வான் ஹஸிம் டெர்மாவான் போன்றவர்கள் அந்த வழியில் வந்தவர்கள்.

மறுபக்கம், இவ்வளவு பொதுப்பணம் ஒரு வாரப் போட்டிக்குத் தேவையா என்ற கேள்வியும் தொடர்ந்து எழுந்தது. பாய்மரப் படகு பணக்காரர் விளையாட்டு, மீனவனுக்கு இதில் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு வாரம் விடுதி நிரம்பினால், மீதி மழைக்காலத்துக்கு என்ன வழி? அந்தக் கேள்விக்குக் கிண்ணத்தால் மட்டும் பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொரு முரணும் இருக்கிறது. டூயோங் தீவு தலைமுறை தலைமுறையாக மரப் படகு கட்டுவோரின் ஊர். காகிதத்தில் வரைபடம் இல்லாமல், கண்ணளவிலும் கையளவிலும், உறுதியான செங்கால் மரத்தில் கட்டுவார்கள். பலகைகளை இணைக்க இரும்பு ஆணிக்குப் பதில் மர முளைகள். கண்ணாடியிழைப் படகுகள் பரவப் பரவ அந்தக் கைத்தொழில் சுருங்கிவிட்டது. உலகமே பார்த்த பந்தயப் படகுகள் மிதந்த அதே நீரின் கரையில், உள்ளூர்க் கைவினைஞர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது.

பின்னாளில் போட்டி ஜொகூருக்கு இடம் மாறியது. 2016இல் உலகத் தொடரே எம்32 என்ற வேகமான இரட்டை உடல் படகுகளுக்குத் தாவியது. ஒரு போட்டியை நம்பி ஓர் ஊரின் பொருளாதாரத்தைக் கட்டினால், போட்டி கிளம்பும்போது என்ன மிஞ்சும்? பெரிய விளையாட்டு நிகழ்ச்சிகளை வரவேற்கும் எந்த ஊரும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இது புதுசா?

இல்லை, பழசு. 1851இல் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் 'அமெரிக்கா' என்ற படகு வென்ற கிண்ணம்தான் இன்றைய அமெரிக்கா கிண்ணம். அதன் இறுதிச் சுற்று இன்றும் இரண்டு படகுகளின் மோதல்தான். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1965 முதல் காங்கிரஷனல் கிண்ணம் நடக்கிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மேட்ச் ரேஸிங்கும் இருந்தது. தங்கம் ஸ்பெயினுக்கு. அதன் பிறகு ஒலிம்பிக் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது.

நானும் கத்துக்கலாமா?

தாராளமாக. உலக வீரர்கள் பலர் தொடங்கியது ஆப்டிமிஸ்ட் என்ற குட்டிப் படகில்தான். 15 வயது வரை உள்ளவர்களுக்கான, ஒருவர் மட்டுமே ஓட்டும் படகு அது. லங்காவியில் தேசியப் பாய்மரப் பயிற்சி மையம் இருக்கிறது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

அடுத்த தடவை திரையில் இரண்டு படகுகள் மூக்கோடு மூக்கு முட்டி நிற்பதைப் பார்த்தால், சேனலை மாற்றிவிடாதீங்க. கடிகாரத்தைப் பாருங்க. எந்தப் படகில் மஞ்சள் கொடி இருக்கிறது என்று பாருங்க. யார் முதலில் அசைகிறார் என்று கவனிங்க. போட்டியின் பாதிக் கதை அங்கேயே தெரிந்துவிடும்.