வசாய்ச் சீமையின் விருந்தும் மதுவும்

பிழைப்பை நாடி வந்த ஊரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும், அண்டை வீட்டு அடுப்பில் வேகும் பண்டத்தின் பெயரை அறியாதிருப்போர் நம்மவருள் பலர். உளுந்தும் காப்பிக்கொட்டையும் மாதுங்காவில் கிடைத்துவிடுகின்றன. ஆகவே தாணே மண்ணின் உணவு யாது என்று வினவ நமக்கு அவசியம் நேர்வதில்லை. வடாபாவைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ஆயினும், தாணேயிலிருந்து வசாய் வரை நீளும் இக்கடற்கரைச் சீமைக்கென ஒரு பழஞ்சமையல் உண்டு. மராட்டிய மண்ணில் ஐரோப்பிய வித்து விழுந்து முளைத்த சமையல் அது.

1534-ஆம் ஆண்டில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயைப் போர்ச்சுக்கீசியருக்கு விட்டுக்கொடுத்தார். தாணேயும் அதனை உள்ளிட்ட சாஷ்டித் தீவும் அவர்கள் வசமாயின. 1580 முதல் 1640 வரை ஸ்பெயின் மன்னரே போர்ச்சுக்கல்லுக்கும் மன்னராயிருந்தமையால், அறுபது ஆண்டுக் காலம் நம் தாணேயும் ஸ்பெயின் முடியின் கீழ் இருந்தது என்பது பலர் அறியாத வேடிக்கை. 1739-இல் சிமாஜி அப்பாவின் தலைமையில் மராட்டியர் வசாய்க் கோட்டையைப் பிடித்தனர். ஆட்சி போயிற்று, அடுப்பு மாறவில்லை.

அந்நாளில் கிறிஸ்தவம் தழுவிய உழவரும் மீனவரும் மரமேறிகளுமே இச்சமையலுக்கு உரியவர்கள். வீட்டில் மராட்டியின் கிளைமொழி பேசும் இவர்கள் ‘கிழக்கிந்தியர்’ எனப்படுவதன் காரணம் சுவையானது. வேலை தேடிப் பம்பாய்க்கு வந்த கோவா, மங்களூர்க் கிறிஸ்தவர்களிடமிருந்து தம்மை வேறுபடுத்திக் காட்டவே 1887-இல் இப்பெயரைச் சூடிச் சங்கமும் கண்டனர். வந்தேறிகளின் கூட்டத்தில் மண்ணின் மக்கள் தமக்கொரு பெயர் தேடிக்கொள்ள நேர்ந்தது!

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் இறைச்சியைத் திராட்சை மதுவின் காடியிலும் பூண்டிலும் ஊறவைப்பர். இக்கடற்கரையில் திராட்சை ஏது? தென்னையும் பனையும் ஈச்சையுமே உண்டு. கள்ளைப் புளிக்கவிட்டுக் காடியாக்கினர். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மிளகாயையும் அரைத்துச் சேர்த்தனர். ‘விண்டாலு’ என்று உணவகங்களில் எழுதிவைத்திருப்பது இதன் வழித்தோன்றலே. அதில் உருளைக்கிழங்கு இருந்தாக வேண்டும் என்று எண்ணுவது பெயரால் விளைந்த மயக்கம். பெயரில் இருப்பது ‘ஆலு’ அன்று, பூண்டைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லாகும்.

கள்ளின் வேலை காடியோடு முடியவில்லை. மைதா மாவில் முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெயில் உருண்டை உருண்டையாகப் பொரித்தெடுக்கும் ‘ஃபுகியா’ இவர்கள் திருமணத்திற்கு இன்றியமையாதது. மாவைப் பொங்க வைத்தது கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த நம் முதியோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆப்ப மாவுக்குக் கள் விட்டுப் புளிக்கவைத்த கை அவர்களுடையது. இன்று இரு சாராருக்கும் ஒரே கதி. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கோ 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தபின் உரிமமின்றி மரமேற இயலாது. ஈஸ்டுப் பொட்டலம் இரு வீட்டு அடுக்களையிலும் புகுந்துவிட்டது. மாவு பொங்குகிறது, அந்த இனிப்பும் புளிப்பும் கலந்த மணம் வருவதில்லை.

‘பாட்டில் மசாலா’ என்றொரு பொடி உண்டு. கோடையில், மழைக்கு முன்னதாக, மிளகாய், மல்லி, மஞ்சள், எள், கசகசா, கடுகு, கோதுமை, கடலைப்பருப்பு எனப் பலவற்றை வெயிலில் காயவைத்து, தனித்தனியே வறுத்து, மர உரலில் இடித்துக் கரிய பீர்ப் புட்டிகளில் இறுகக் குத்தி அடைப்பர். வெளிச்சம் படாததால் ஆண்டு முழுதும் நிறம் கெடாது. அளவு வீட்டுக்கு வீடு வேறு. மாமியார் மருமகளுக்கன்றிப் பிறருக்குச் சொல்லார். குழம்புப்பொடி இடிக்கும் நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது?

இனி மது. இதைச் சொல்லும்போது நம்மவர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். ஆனால் வீட்டில் பெண்கள் வடிக்கும் மது வேறு, தெருவில் தள்ளாடும் குடி வேறு. கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பே கருந்திராட்சையைக் கழுவிப் பிசைந்து, சர்க்கரை, காய்ச்சி ஆறிய நீர், சிறிது ஈஸ்டு, ஒரு பிடி கோதுமை சேர்த்துப் பீங்கான் ஜாடியில் இட்டு வேடு கட்டுவர். நாள்தோறும் மரக்கரண்டியால் கிண்டி, இருபத்தொன்றாம் நாள் வடிகட்டுவர். ஞானஸ்நான விருந்திலோ ‘கீமாட்’ தருவர். நாட்டுச் சாராயத்தில் சர்க்கரையும் பட்டை முதலிய வாசனைச் சரக்கும் இட்டுச் சூடாகச் சிறு கிண்ணத்தில் வழங்குவது. ஒரு கிண்ணம், ஒரு வாழ்த்து, அவ்வளவே.

வசாயை அடுத்த ஆகாசியில் ராஜேளி வாழைப்பழத்தை உரித்து வெயிலில் உலர்த்திச் செய்யும் ‘சுகேளி’யை ஒருமுறை உண்டவர் மறவார். ஆனால் அதற்கு வாழைத் தோட்டம் வேண்டுமே! 2014-இல் பால்கர் மாவட்டம் பிரிந்தபோது வசாய் நம் தாணே மாவட்டத்தை விட்டுச் சென்றது. அதற்கு வெகு முன்பே தோட்டங்கள் கட்டடங்களாகத் தொடங்கிவிட்டன. பாதிரியாரும் மராட்டி எழுத்தாளருமான பிரான்சிஸ் திப்ரிட்டோ, 2024-இல் மறைந்தவர், ‘பசுமை வசாய்’ இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 2009-இல் மாநகராட்சி அமைந்தபோது எங்கள் சிற்றூர்களை விட்டுவிடுங்கள் என்று ஊரார் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் யாரைக் கண்டு அஞ்சினர்? மலிவு விலையில் வீடு தேடி வந்தவர்களை. அவர்களுள் நாமும் உண்டு. நாலாசோபாராவிலும் விராரிலும் நம்மவர் வாங்கியிருக்கும் இரண்டு அறை வீடுகளுள் எத்தனை, ஒரு காலத்தில் வாழையும் நெல்லும் நின்ற இடத்தில் நிற்கின்றனவோ!

அக்டோபர் முதல் ஞாயிறன்று இவர்கள் ‘ஆகேரா’ என்னும் அறுவடை விழாக் கொண்டாடுவர். புதுநெற்கதிரை ஆலயத்தில் மந்திரித்து வீட்டுக்கு எடுத்துச் செல்வர். வயலே இல்லாது போன ஊர்களுக்குக் கதிர் வெளியூரிலிருந்து வருகிறது, நாம் பொங்கலுக்குக் கரும்பை மாதுங்காச் சந்தையில் விலை பேசி வாங்கிவருவது போல.