குடும்பத்திற்கேற்ற கூடாரம்

மனிதன் தங்குதற்கு அமைத்துக்கொள்ளும் இடம் இருவகைப்படும். ஒன்று, நிலையாக நின்று தலைமுறை தலைமுறையாகப் பயன்படும் வீடு. மற்றொன்று, சென்ற இடத்தில் ஓரிரு நாள் தங்கிப் பின்னர்ச் சுருட்டி எடுத்துச் செல்லும் கூடாரம். வீடு கட்டுவோர் நிலம் பார்த்து, நீர் பார்த்து, கொத்தரையும் தச்சரையும் கலந்து ஆராய்ந்து கட்டுவர். கூடாரம் வாங்குவோரோ கடையில் உள்ள படத்தையும் விலைச்சீட்டையும் மட்டும் கண்டு வாங்கிவிடுகின்றனர். ஓர் இரவுதானே தங்கப் போகிறோம் என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயினும், காற்றும் மழையும் நச்சுயிர்களும் அவ்வோர் இரவிலேயே வருதல் கூடுமன்றோ? ஆதலின், குடும்பத்தோடு தங்குதற்குரிய கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்துகொள்ளுதல் நன்று.

கூடாரம் தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டை இயற்றியவர் நப்பூதனார் என்னும் புலவர். அப்பாட்டில் அரசன் ஒருவன் காட்டில் அமைத்த பாசறை கூறப்படுகின்றது. வீரர்கள் புதர்களை வெட்டி இடத்தைத் திருத்துகின்றனர். சுற்றிலும் முள்வேலி இடுகின்றனர். தழைகளால் கூரை வேய்கின்றனர். அரசனுக்கு மட்டும் நெடிய கோல்களை நட்டுத் திரைச்சீலையால் தனி இருக்கை அமைக்கின்றனர். அதன் உள்ளே வலிய கயிற்றில் திரையை இழுத்து இரண்டு அறைகளாகப் பகுக்கின்றனர். முதலில் இடம், பின்னர்க் காவல், அதன் பின்னர்க் கூரை, இறுதியில் அறைப்பகுப்பு என்னும் இம்முறை இன்றும் பொருந்துவதாகும்.

பிற்காலத்தில் கூடாரம் போர்க்களத்திலிருந்து பள்ளிச் சிறுவர்களிடத்தும் வந்தது. பேடன் பவல் என்பார் 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர்களைக் கூட்டிக் கூடாரங்களில் தங்கச் செய்தார். சாரணர் இயக்கம் அங்கிருந்தே வளர்ந்தது. இன்று நம் நாட்டுப் பள்ளிகளிலும் சாரணர் முகாம்கள் நடைபெறுகின்றன. அம்முகாம்களில் பழகிய இளைஞர்கள் பலர், விடுமுறையில் தம் குடும்பத்தாரையும் அழைத்துச் சென்று வெளியிடங்களில் தங்க விரும்புகின்றனர். ஆனால், சாரணச் சிறுவனுக்கு ஏற்ற கூடாரம் அவன் பாட்டியாருக்கு ஏற்றதாகாது. இவ்வேறுபாட்டை உணர்வதே தேர்வின் தொடக்கமாகும்.

காஞ்சிபுரத்திற்கு அண்மையில் ஐயங்கார்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. சஞ்சீவிராயர் திருக்கோயிலும், அதனை அடுத்த பெரிய குளமும், நடவாவி எனப்படும் கிணறும் அவ்வூருக்குப் பெருமை தருவன. வாவிக்குள் படிவழியே நடந்து சென்றால் நிலத்தின் கீழே தூண்கள் நிறைந்த மண்டபம் ஒன்று தோன்றும். சித்திராபௌர்ணமியன்று காஞ்சி வரதராசப்பெருமாள் அம்மண்டபத்துக்கு எழுந்தருளுவார். பின்னர்ப் பாலாற்றுக்கும் செல்வார். கடும் வெயிற்காலத்தில் நடைபெறும் அவ்விழாவைக் காண முதியோரும் குழந்தைகளும் திரளாக வருகின்றனர். பெரும் கூட்டத்தின் நடுவே நிழலும் படுக்கையும் எவ்வளவு அருமையானவை என்பதை அங்கு வருவோர் நன்கு அறிவர்.

அவ்வூரில் உள்ள குடும்பம் ஒன்றை நாம் மனத்தில் கொள்வோம். பாட்டனார், பாட்டியார், தாய், தந்தை, சிறுவன் ஒருவன், சிறுமி ஒருத்தி என அறுவர் அக்குடும்பத்தில் உளர். அவர்கள் விடுமுறையில் சவ்வாது மலைக்குச் சென்று இரண்டு இரவு தங்க விரும்புகின்றனர். விழா நாளில் உறவினர் தோப்பிலும் அக்கூடாரத்தையே பயன்படுத்த எண்ணுகின்றனர். இவர்கள் எத்தகைய கூடாரத்தை வாங்க வேண்டும்? குடும்பத்தில் வலிமை மிக்கவரைக் கருதி வாங்கினால் வலிமை குறைந்தவர் துன்புறுவர்; வலிமை குறைந்தவரைக் கருதி வாங்கினால் அனைவரும் இனிது தங்குவர். இதனை முதல் விதியாகக் கொள்வோம்.

முதலில் அளவினை நோக்குவோம். 'நால்வருக்கு உரியது', 'அறுவருக்கு உரியது' என்று கூடாரத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும். தோளோடு தோள் உராயப் படுத்தால் எத்தனை பேர் கொள்வர் என்னும் கணக்கே அது. ஒருவருக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் அகலம் என அதில் கொள்ளப்படும். புரண்டு படுக்க வேண்டுமாயின் 75 சென்டிமீட்டரேனும் வேண்டும். மூட்டை முடிச்சுகளுக்கு வேறு இடம் வேண்டும். நால்வருக்கு என்று குறித்த கூடாரத்தின் அகலம் 240 சென்டிமீட்டர் எனின், அதில் மூவர் படுப்பதே தக்கது. மூவருக்கு 225 சென்டிமீட்டர் போக எஞ்சியது பைகளுக்கு ஆகும். எனவே, நம் அறுவருக்கு இருவழிகள் உள்ளன. எட்டுப் பேருக்கு உரியதாய், நடுவே திரையிட்ட பெருங்கூடாரம் ஒன்றை வாங்கலாம். அன்றி, நால்வர் கூடாரம் இரண்டினை வாங்கி வாயிலோடு வாயில் எதிர்நோக்க நிறுத்தலாம். பெருங்கூடாரத்துக்குப் பரந்த சமநிலம் வேண்டும். காற்றும் அதனை மிகுதியாகத் தாக்கும். சிறு கூடாரங்களுக்கு இக்குறைகள் குறைவு. ஆயினும், குழந்தைகளைத் தனியே ஒரு கூடாரத்தில் விடுதல் ஆகாது.

அளவில் உயரமும் அடங்கும். இளைஞர் தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியேறுவர். முழங்கால் வலியுடைய பாட்டியார் இரவில் இருமுறை எழ வேண்டியிருப்பின், அவ்வாறு தவழுதல் இயலுமோ? ஆதலின், அவர் தங்கும் கூடாரம் நடுவில் நிமிர்ந்து நிற்கத்தக்க உயரமுடையதாக இருத்தல் வேண்டும். வாயில் அகன்றும், அதன் கீழ்விளிம்பு கால் இடறாதவாறு தாழ்ந்தும் இருத்தல் நலம்.

அடுத்து நோக்கத்தக்கது தரை. விலை குறைந்த கூடாரங்கள் சிலவற்றில் சுவரும் தரையும் தனித்தனியாக இருக்கும். இடையே கை நுழையும் அளவு வெளியிருக்கும். வயலும் ஏரியும் சூழ்ந்த நம் நாட்டுக்கு இவை ஏற்றனவல்ல. கட்டுவிரியன் என்னும் பாம்பு இரவில் இரை தேடுவது; தரையில் படுத்துறங்குவோரைத் தீண்டுதலும் உண்டு. அதன் கடியில் வலி மிகக் குறைவாதலின், தீண்டப்பட்டோர் அதனை அறியாமலே உறங்கிவிடுவர். ஆகவே, தரை சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு, விளிம்பு தொட்டிபோல் நாற்புறமும் உயர்ந்திருக்கும் கூடாரத்தையே கொள்ளுதல் வேண்டும். வாயிலின் ஜிப் முற்றிலும் மூடுகின்றதா என்று கடையிலேயே இழுத்துப் பார்த்தல் வேண்டும். உள்ளே சென்றதும் அதனை மூடுதலும், வெளியே கிடந்த செருப்பைத் தட்டிப் பின் அணிதலும் பழக்கமாதல் வேண்டும். எவரேனும் தீண்டப்பட்டால், கடித்த இடத்தைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் கூடா. அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே முறை. பாம்பு நஞ்சுக்கு மாற்றுமருந்து செய்வதற்கு வேண்டிய நஞ்சினை, வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்து வழங்கி வருதல் போற்றத்தக்கது.

இனித் துணியினைக் காண்போம். பருத்தியால் நெய்த கித்தான் பழமையானது. மழை பட்டதும் அதன் நூல்கள் பருத்து இழைகளின் இடைவெளியை அடைத்துக்கொள்ளும், காற்றோட்டமும் தரும். ஆனால் எடை மிகுதி. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பூத்து இற்றுப்போகும். பாலியெஸ்டர், நைலான் ஆகிய செயற்கை இழைத் துணிகள் எடை குறைந்தவை, விரைவில் உலர்வன, நீர்புகாதவாறு மேற்பூச்சு இடப்பட்டவை. நெடுநாள் வெயிலில் கிடந்தால் அவை வலிமை குன்றும். வண்டியில் கொண்டு சென்று ஓரிடத்திலேயே தங்குவோர்க்குக் கித்தான் ஏற்கும். பேருந்தில் சென்று தோளில் சுமப்போர்க்குச் செயற்கைத் துணியே ஏற்கும்.

மழையைத் தாங்கும் ஆற்றலை மில்லிமீட்டர் அளவில் குறிப்பர். துணியின் மேல் குழாய் ஒன்றை நிறுத்தி நீர் நிரப்பினால், எவ்வளவு உயரத்தில் நீர் கசியத் தொடங்குகின்றது என்பதே அவ்வளவு. கூரைக்கு 1,500 மில்லிமீட்டரேனும் இருத்தல் வேண்டும். தரையை நம் முழங்காலும் முழங்கையும் அழுத்துதலின், அதற்கு 3,000 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருத்தல் நன்று. துணி எத்துணை நல்லதாயினும் தையல் துளைகளின் வழியே நீர் இறங்கும். ஆதலின், உட்புறத் தையல்களின் மேல் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்று நோக்குதல் வேண்டும்.

நீரைத் தடுத்தால் மட்டும் போதாது. காற்றை விடவும் வேண்டும். உறங்குவோர் மூச்சிலும் வியர்வையிலும் இரவு முழுதும் நீராவி வெளிப்படுகின்றது. அது குளிர்ந்த கூரையில் பட்டுத் துளிகளாகி விழும். விடியலில் எழுவோர் கூடாரம் ஒழுகிற்று என எண்ணுவர். ஒழுகியது வானமன்று, அவர்தம் மூச்சே! இதனைத் தவிர்க்கவே இரட்டைக் கூரை அமைக்கின்றனர். உள்ளே காற்றுப் புகும் மெல்லிய துணியும், வெளியே மழை புகாத துணியும், இரண்டிற்கும் இடையே வெளியும் இருக்கும். எதிரெதிரே கொசுவலையிட்ட வாயில்களோ சாளரங்களோ இருப்பின் காற்று ஊடுருவிச் செல்லும். பாலைநிலத்து அராபியர் வெள்ளாட்டு மயிரால் நெய்யும் கூடாரம், வெயிலில் இழை தளர்ந்து காற்றை விடும். மழையில் இழை பருத்து நீரைத் தடுக்கும் என்பர். சித்திரை வெயிலுக்கு வெளிர்நிறத் துணியே ஏற்றது. எந்தக் கூடாரமும் நண்பகல் வெயிலில் அடுப்பென வெம்மையுறும் ஆதலின், பகற்பொழுதுக்குத் தார்ப்பாய் ஒன்றை நிழலாகக் கட்டிக்கொள்ளுதல் அறிவுடைமை.

கூடாரத்தைத் தாங்குவன கோலும் கயிறும் முளையும் ஆகும். கண்ணாடியிழைக் கோல்கள் விலை குறைந்தவை. ஆனால் நீளவாட்டில் பிளத்தல் உண்டு. அலுமினியக் கோல்கள் எடை குறைந்தும் வலிமை மிகுந்தும் இருப்பன. கயிறுகளை அழகுக்கென எண்ணி அவிழ்க்காமல் விடுவோர், நள்ளிரவுக் காற்றில் அவற்றின் பயனை அறிவர். முளையைக் கூடாரத்தின் எதிர்ப்புறம் தலை சாயுமாறு அறைதல் வேண்டும். இறுகிய நிலத்துக்கு இரும்பு முளை வேண்டும். மணலில் முளை நில்லாது. பையில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி ஆழப் புதைத்தல் வேண்டும்.

நல்ல கூடாரமும் தீய இடத்தில் நின்றால் பயன் தராது. வறண்ட ஆற்றின் வெண்மணல் படுக்க இனிது. ஆனால் அது தங்கத்தக்க இடமன்று. பாலாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி வருவது. நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கவும், மேற்கே பெய்த மழை வெள்ளமாக வந்து சேரலாம். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அவ்வாறு, 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெருவெள்ளம் கொண்டு கரைபுரண்டதை யாவரும் அறிவர். எனவே, கரையின் மேல் உயர்ந்த நிலத்தையே நாடுதல் வேண்டும். பட்ட கிளையுள்ள மரத்தடியும், காய் தொங்கும் தென்னையடியும், தனித்து நிற்கும் நெடுமரத்தின் அடியும் ஆகா. இடி மின்னலின்போது கூடாரம் காவலாகாது. கட்டடத்துக்குள்ளோ, மூடிய வண்டிக்குள்ளோ செல்லுதல் வேண்டும். மலையிலும் காட்டிலும் வனத்துறையினர் இசைந்த இடத்திலன்றித் தங்குதல் கூடாது. வயநாட்டின் மேப்பாடியில் 2021-ஆம் ஆண்டு சனவரியில், தனியார் விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண்மணி ஒருவர் காட்டுயானையால் உயிரிழந்தார். யானை செல்லும் இடத்தில் துணிச்சுவர் எதனைத் தடுக்கும்?

குளிருக்கு அஞ்சிக் கூடாரத்துக்குள் கரியடுப்பு வைப்பது பெருந்தீங்கு. எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வளி தோன்றும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். செயற்கைத் துணி தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும். ஆதலின், அடுப்பும் விளக்குச்சுடரும் வெளியே தள்ளியே இருத்தல் வேண்டும். குளிருக்குக் கம்பளமும், தரையின்மேல் விரிக்கும் பாயுமே உரியன.

வாங்கிய கூடாரத்தைப் பயணத்துக்கு முன்னரே வீட்டு முற்றத்தில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். கோல் குறைந்தால் அன்றே தெரியும்; ஒரு குடம் நீரை மேலே ஊற்றினால் ஒழுக்கும் தெரியும். பாட்டனாரை உள்ளே சென்று படுத்து எழுந்து வரச் சொல்லுதல் வேண்டும். கடைக்காரர் சொல்லாத உண்மைகளை அவர் சொல்வார். திரும்பி வந்தபின் நன்கு உலர்த்தி, மண்ணைத் தட்டி மடித்து வைத்தால் கூடாரம் பல்லாண்டு உழைக்கும்.

மிக்க விலையுடையது நல்ல கூடாரம் என்பதன்று. மிகப் பெரியது நல்ல கூடாரம் என்பதும் அன்று. உள்ளே உறங்கும் முதியவரும் குழந்தையும் அச்சமின்றி உறங்கி, விடியலில் நலமுடன் எழுவரேல், அதுவே நல்ல கூடாரம். இல்லத்தில் வலிமை குறைந்தோரை முன்வைத்து எண்ணுதல் கூடாரம் வாங்குதற்கு மட்டுமன்றி, எல்லாச் செயலுக்கும் பொருந்தும் நெறியாகும். அந்நெறியை நாமும் கைக்கொள்வோமாக.