கிழிந்த பையும் ஒழுகும் வால்வும்

காட்பாடியில் ஏறினால் பாகாயம் பேருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைக் கடந்து, அதன் மருத்துவக் கல்லூரி இருக்கும் பாகாயத்தில் இறக்கிவிடும். அங்கே பேராசிரியராக இருந்த இதய அறுவை நிபுணர் ஸ்டான்லி ஜான் 1975இல் பத்மஸ்ரீ பெற்றவர். வெடித்த வால்சால்வா பையை இந்தியாவில் முதன்முதலில் சரிசெய்தவராக அறியப்படுபவர்.

இதயத்திலிருந்து பெருந்தமனி கிளம்பும் இடத்தில் மூன்று இதழ் கொண்ட வால்வு இருக்கிறது. ஒவ்வோர் இதழுக்கும் பின்னால் தமனிச் சுவர் சற்றே புடைத்திருக்கும். இத்தாலிய உடற்கூறியலர் வால்சால்வாவின் பெயர் தாங்கிய பைகள் இவைதாம். சிலருக்குப் பிறவியிலேயே பையின் அடிப்பகுதி வால்வு வளையத்தோடு சரியாக இணைந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் ரத்தம் மோதி மோதி, அந்த இடம் கையுறை விரல்போல வலப்பக்க அறைக்குள் நீளும். ஒருநாள் நுனி கிழியும்.

பெருந்தமனியில் அழுத்தம் 120/80. வலக் கீழறையில் உச்சமே 25 அளவுதான். ஆகவே இதயம் சுருங்கினாலும் விரிந்தாலும் ரத்தம் வலப்பக்கம் பாய்ந்துகொண்டே இருக்கும். ஸ்டெதாஸ்கோப்பில் இடைவெளியே இல்லாத இரைச்சல். நோயாளிக்கோ நெஞ்சுவலி, மூச்சுத்திணறல்.

ஆசியர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பலருக்குப் பைக்கு அடியிலேயே கீழறைச் சுவரிலும் ஓட்டை இருக்கும். தாங்கல் இழந்த வால்வு இதழ் அந்த ஓட்டைக்குள் சரிய, வால்வும் ஒழுகத் தொடங்கும்.

அறுவையில் உண்மையான சிக்கல் இங்கேதான். வழக்கமாக இதயத்தை நிறுத்தும் திரவத்தைப் பெருந்தமனியின் அடியில் செலுத்துவார்கள். இங்கே செலுத்தினால் பாதி கிழிசல் வழியே ஓடிவிடும், மீதி ஒழுகும் வால்வு வழியே இறங்கி இடக் கீழறையை உப்ப வைக்கும். அதனால் இதய-நுரையீரல் இயந்திரத்தில் நோயாளியை இணைத்தபின், பெருந்தமனியைத் திறந்து, கரோனரி தமனிகளின் வாயிலேயே நேரடியாகக் கொடுக்கிறார்கள். தொங்கும் விரலை வெட்டியெறிந்து, ஓட்டையை டேக்ரான் ஒட்டுத்துணியால் மூடுவார்கள். ஓரங்களை இழுத்துத் தைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் வளையம் கோணி, ஒழுக்கு கூடக்கூடும். பிறகு சரிந்த இதழை மடித்துத் தைத்து உயர்த்துவார்கள்.

இதழ் தடித்துச் சுருங்கியிருந்தால் செயற்கை வால்வுதான். திருவனந்தபுரத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு விலையைக் குறைத்தது. உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும். கூடியவரை சொந்த இதழைக் காப்பாற்றப் பார்ப்பது இதனால்தான்.

இப்போது தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கிழிசலை அடைப்பானால் மூடவும் முடிகிறது. வால்வும் நன்றாக ஒழுகுபவருக்கு அது போதாது. நெஞ்சைத் திறந்தே ஆக வேண்டும்.