உங்களுக்குத் தெரியுமா? கண்மணியில் தெரியும் வெள்ளை

பச்சிளங் குழந்தையின் கண்பாவை வெள்ளையாகத் தெரிந்தால், ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடாதீர்கள்; அது பிறவிக் கண்புரையாக இருக்கலாம். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு ருபெல்லா என்னும் வைரஸ் தொற்று வந்திருந்தால், குழந்தைக்குப் பிறவிக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு எல்லாம் சேர்ந்தே வரலாம். தாய்க்கோ லேசான காய்ச்சலும் தடிப்பும்தான் இருந்திருக்கும். சிலருக்கு அதுவும் இராது. இந்தத் தொடர்பை 1941-இல் கண்டு சொன்னவர் சிட்னி கண் மருத்துவர் நார்மன் கிரெக். கண்புரையை அறுவை சிகிச்சையில் நீக்கலாம். போன செவித்திறன் திரும்பாது.

ருபெல்லாவைத் தடுக்க, 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. இப்போது குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். கர்ப்பிணிக்கு இந்தத் தடுப்பூசியைப் போடக் கூடாது. எனவே பெண்ணுக்குப் போட்டாயிற்றா என்று கல்யாணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.