சேம்பருக்குள் கம்பி போகலாம், ஆள் போகக் கூடாது

கழிப்பறையில் தண்ணீர் ஏறி நின்றதும் சென்னையில் பல வீடுகளில் நடப்பது இதுதான்: முதலில் ஒரு பாட்டில் ஆசிட், அதற்கும் அடைப்பு போகாவிட்டால் தெரிந்த ஆளைக் கூப்பிட்டுச் சேம்பரில் இறக்குவது. துணியும் நாப்கினும் ஆசிடுக்குக் கரையாது. அடைப்புக்குப் பின்னால் தேங்கும் ஆசிட், அடுத்து கம்பி விடுபவர் முகத்தில்தான் தெறிக்கும். ஏற்கெனவே பிளீச்சிங் திரவம் ஊற்றிய குழாயாக இருந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். ஆளை இறக்குவது இதைவிடக் கொடிய தவறு. இத்தனைக்கும் பெரும்பாலான வீட்டு அடைப்புகளை மேலே நின்றபடியே எடுத்துவிட முடியும்.

அடைப்பு எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. மூடியைத் திறந்து காற்றாட விடுங்கள். அருகில் பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது. தெருவை ஒட்டிய கடைசி சேம்பர் நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால் இருக்கிறது. அது குடிநீர் வாரியத்தில் புகார் செய்ய வேண்டிய விஷயம். கடைசி சேம்பர் காலியாக, அதற்கு முந்தையது நிரம்பியிருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். காலியான பக்கத்திலிருந்து மூங்கில் பிளாச்சையோ திருகு ராடையோ விடலாம். ராடை வலப்பக்கமாக மட்டுமே சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் மரை கழன்று, பாதி ராடு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். அடைப்பு விட்டதும் கழிவுநீர் சட்டென்று பாயும், முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள். வெளியேறும் துவாரத்தில் கம்பிவலை வைத்து, வரும் துணியை அள்ளி எடுங்கள். தள்ளிவிட்டால் அடுத்த அடைப்பு தெருவில் விழும்.

கம்பிக்கு அசையாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். ‘நாலடி ஆழம்தானே’ என்பார்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஆழம் பார்ப்பதில்லை. அளவு கூடினால் அழுகிய முட்டை நாற்றத்தை உணரும் திறனையே மழுங்கடிக்கும், நாற்றம் நின்றது என்று நம்பியவர் மயங்கி விழுவார். தூக்கப் போகிறவரும் விழுவார். துணி முகக்கவசம் வாயுவை வடிகட்டாது. ‘அவரே சம்மதித்துத்தானே இறங்கினார்’ என்பது சட்டத்தின் முன் செல்லாது. கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, உரிய பாதுகாப்பு இல்லாமல் கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை வேலைக்கு விடுவதைத் தடுக்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ என்று அது சொல்வதால், கான்ட்ராக்டரைக் கைகாட்டிவிட்டு வீட்டுக்காரர் ஒதுங்க முடியாது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம். மறுபடி சொல்கிறேன்: யாரையும் இறக்காதீர்கள்.

‘புகார் கொடுத்தால் அதிகாரிகள் வருவதில்லை’ என்பதில் உண்மை உண்டு. அதற்கு மருந்து, புகாரைக் காகிதத்தில் நிற்க வைப்பது. சென்னையில் 1916க்கு அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார், புகாரே அல்ல. நடவடிக்கை இல்லையென்றால் அந்த எண்ணைக் குறிப்பிட்டுப் பகுதி அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். செப்டிக் டேங்க் என்றால் 14420க்கு அழைத்து உரிமம் பெற்ற லாரியை வரவழையுங்கள். சந்துக்குள் லாரி நுழையவில்லை என்றால் நீளக் குழாய் கேளுங்கள், ஆளைக் கேட்காதீர்கள். மரணமே நேர்ந்துவிட்டால், எப்.ஐ.ஆரில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று குடும்பத்தார் பார்க்க வேண்டும். வெறும் கவனக்குறைவு வழக்காக முடித்துவிடுவது எளிது. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. எப்.ஐ.ஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் போய்ச் சேராவிட்டால் இந்தச் சட்டத்தின்படி நீதிமன்றம் வழக்கை எடுக்காது. காரியம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.