தங்கல் வரியும் சிற்றூர் வருவாயும்: மேச்சேரியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வெளியூரில் இரவு தங்குவோரிடம் அறைக் கட்டணத்தோடு சேர்த்துப் பெறப்படும் உள்ளாட்சி வரியே தங்கல் வரி எனப்படுகிறது. பிரான்சு 1910ஆம் ஆண்டிலேயே இதனைச் சட்டமாக்கியது. சப்பானின் கியோட்டோ நகரம் 2018 முதல் இதனைப் பெறுகிறது. வருவோரால் கூடும் குடிநீர், துப்புரவுச் செலவை உள்ளூர் மக்கள் மட்டும் சுமத்தல் ஆகாது என்பதே இவ்வரியின் அடிப்படை. சேலம் மாவட்டத்து மேச்சேரி போன்ற ஒரு பேரூராட்சிக்கு இவ்வரி பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் வழியும் தங்கலும்

தமிழ் மரபில் வழிச்செல்வோர் தொடர்பான வரி பெரிதும் சரக்கின்மீதே அமைந்தது. உல்கு என்னும் சொல் திருக்குறளில் அரசின் வருவாய்களுள் ஒன்றாக வருகிறது. முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் பெயர் பெற்றான். மறுபுறம், தங்குமிடம் அறமாகக் கருதப்பட்டது. மதுரை மங்கம்மாள் சத்திரமும் தஞ்சை மராத்தியர் கட்டிய சத்திரங்களும் இதற்குச் சான்று. சரக்குக்குச் சுங்கம், ஆளுக்குச் சத்திரம் என்ற இப்பாகுபாட்டை ஆங்கில ஆட்சியே மாற்றியது. பூரியில் யாத்திரிகரிடையே காலரா பரவியதைத் தொடர்ந்து, 1871ஆம் ஆண்டின் விடுதிகள் சட்டம் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயமாக்கி, உரிமக் கட்டணத்தை நலவாழ்வுப் பணிக்கு ஒதுக்கியது. விடுதலைக்குப் பின், 1956ஆம் ஆண்டின் இரயில் பயணிகள் முனைய வரிச் சட்டம், யாத்திரைத் தலங்களுக்கும் திருவிழா நடைபெறும் ஊர்களுக்கும் இரயிலில் வருவோர்மீது பயணச்சீட்டு வழியே வரி விதிக்க இடமளித்தது.

இன்றைய சட்டநிலை

அரசமைப்புச் சட்டத்தின் 265ஆம் பிரிவின்படி சட்ட அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவியலாது. மாநிலப் பட்டியலின் 62ஆம் பதிவு முன்னர் ஆடம்பரங்களின்மீதான வரியை மாநிலங்களுக்கு அளித்திருந்தது. அதன்வழியே தமிழ்நாடு 1981இல் விடுதி ஆடம்பர வரிச் சட்டத்தை இயற்றியது. குசராத்தின் இத்தகைய வரியை 1989இல் எக்ஸ்பிரஸ் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. எனினும் தமிழ்நாட்டில் அவ்வருவாய் மாநில அரசுக்கே சென்றது.

2016ஆம் ஆண்டின் 101ஆம் திருத்தம் அப்பதிவிலிருந்து ஆடம்பரத்தை நீக்கியது. உள்ளாட்சிகள் விதிக்கும் கேளிக்கை வரி மட்டும் எஞ்சியது. 2017 சூலை 1 முதல் அறை வாடகை சரக்கு மற்றும் சேவை வரிக்குள் வந்தது. ஆகவே உள்ளாட்சி வரிகளை மாநிலச் சட்டமன்றம் அனுமதிக்கலாம் எனக் கூறும் 243எக்ஸ் பிரிவைக் கொண்டும், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தைக் கொண்டும் தங்கல் வரி விதிப்பது எளிதன்று. மாநிலத்துக்கே இல்லாத வரி அதிகாரத்தை மாநிலம் பேரூராட்சிக்கு வழங்கவியலாது.

எஞ்சியிருப்பது கட்டணம். வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சென்னை மாகாணத்தில் எழுந்த சிரூர் மட வழக்கிலேயே 1954இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது: கட்டணம் செலுத்துவோர்க்குரிய சேவையோடு தொடர்புற்றிருத்தல் வேண்டும்; பொது வருவாயில் கரைந்துவிடல் ஆகாது.

மேச்சேரியின் இயல்பு

மேச்சேரிக்கு வெளியூரார் வருவதற்குப் பத்திரகாளியம்மன் கோயிலும், வாரச்சந்தையும், ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்ட செம்மறியாட்டினமும் காரணங்களாகும். 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அருகில் உள்ளது. சேலமும் மேட்டூரும் அண்மையில் இருப்பதால், கோயிலுக்கும் சந்தைக்கும் வருவோர் அன்றே திரும்பிவிட இயலும். திருவிழா நாளில் குப்பையும் நெரிசலும் பகலில் வந்து செல்வோரால் மிகுகின்றன. தங்கல் வரியோ அவர்களைத் தொடுவதில்லை. வெனிசு நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் பகல் வருகையாளரிடம் தனிக்கட்டணம் பெறத் தொடங்கியதும், தங்குவோர்க்கு அதிலிருந்து விலக்களித்ததும் இக்குறையை உணர்ந்தே.

சுமை யார்மீது விழும் என்பதும் கருதத்தக்கது. எடுத்துக்காட்டாக, இரவொன்றுக்கு 50 ரூபாய் என நிலையான வரி விதித்தால், 5,000 ரூபாய் அறைக்கு அது 1 விழுக்காடு; 800 ரூபாய் அறைக்கு 6.25 விழுக்காடு. சிற்றூர் விடுதியில் தங்குபவர் பெரும்பாலும் சுற்றுலாப் பயணியாக இரார். ஆட்டு வணிகராகவோ, பேருந்தைத் தவறவிட்டவராகவோ, ஒப்பந்த வேலைக்கு வந்தவராகவோ இருப்பார். மேலும், ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாய்க்குட்பட்ட சிறு விடுதிகள் சேவை வரிப் பதிவிலிருந்தே விலக்குப் பெற்றவை. அவற்றின்மீது புதிய கணக்குப் பொறுப்பைச் சுமத்தினால், வசூலிப்பதற்கான செலவே வருவாயை விஞ்சக்கூடும்.

முடிவுரை

தங்கல் வரியின் நோக்கம் நேரியதே. மேச்சேரிக்கு அதன் வடிவமே பொருந்தவில்லை. சட்ட அதிகாரம் இல்லை. சுமையேற்ற வேண்டியவர் தங்குவதில்லை. தங்குபவர் சுமையேற்கத் தக்கவரல்லர். திருவிழாக் காலத்து வாகன நிறுத்தக் கட்டணம், தற்காலிகக் கடைகளுக்கான கட்டணம், சந்தைக் கட்டணம் ஆகியவற்றைத் தனிக்கணக்கில் வைத்துக் கழிப்பிடம், குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிடுதல் சட்டத்துக்கும் ஊரின் இயல்புக்கும் ஒத்ததாகும். சந்தையில் பெறப்படும் கட்டணத்தை மக்கள் இன்றும் ‘சுங்கம்’ என்றே வழங்குகின்றனர். அப்பழஞ்சொல் குறிக்கும் வழியிலேயே சிற்றூர்க்கான விடையும் உள்ளது. எனினும் வசூலும் செலவும் ஊரார் அறிய வெளியிடப்பட்டாலன்றி எக்கட்டணமும் வரியாகவே உணரப்படும்.