கொல்கத்தாவில் விடிய விடியக் கச்சேரி

கொல்கத்தாவின் பரப்பைக் கண்டு மலைக்கும் அன்பர்கள் அதன் தென்பகுதியைக் கால்நடையாகவே கண்டு தெளியலாம். ராஷ்பிஹாரி அவென்யூவில், லேக் மார்க்கெட்டிலிருந்து புறப்படுவோம். காப்பிப் பொடியும் வாழை இலையும் கிடைக்கும் அவ்வட்டாரம் தமிழர்க்குப் பழகிய இடம். கிழக்கே, கரியாஹாட்டை அடுத்துள்ளது டோவர் லேன். 1952-ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய இசை மாநாடு பின்னர் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையிலுள்ள நஸ்ருல் மஞ்சத்துக்கு இடம் பெயர்ந்தது. ஜனவரிக் குளிரில் சில இரவுகள், விடிய விடியக் கச்சேரி.

இரவெல்லாம் எதற்கு என்று நம்மவர் கேட்பதுண்டு. ஹிந்துஸ்தானி மரபில் ராகங்களுக்குப் பொழுது உண்டு. முன்னிரவிலேயே முடிந்துவிடும் சபைகளில் நள்ளிரவுக்குரிய மால்கௌன்ஸும் வைகறைக்குரிய லலித்தும் ஒலிப்பது அரிது. மால்கௌன்ஸின் ஸ்வரங்கள் நம் ஹிந்தோளத்தின் ஸ்வரங்களே. காலையில் வரும் பைரவோ மாயாமாளவகௌளைக்கு உறவு. ஆயினும் பாடகர் ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் தங்கி, சிறிது சிறிதாகவே மேலேறுவார். கீர்த்தனத்தை எதிர்பார்த்து அமர்ந்திருப்பவருக்கு முதல் அரைமணி சோதனைதான்! பொறுத்திருந்தால் செவி பழகிவிடும். மொழி தெரியாத ஊரில் அயலாருடன் ஒருசேரத் தலையசைக்க இதனினும் நல்ல வாய்ப்பை நான் அறியேன்.

கம்பளிச் சால்வை அவசியம். விடிந்தபின் ஏரிக்கரை வழியாக நடந்தே லேக் மார்க்கெட்டுக்குத் திரும்பிவிடலாம்.